வெனிஸ் போனால் வழி தவறுங்கள்!

இத்தாலியின் வெனிஸ் நகரில், புகழ்பெற்ற ரியால்ட்டோ பாலத்தை ஒட்டி ஒரு சின்ன சதுக்கம் இருக்கிறது. சான் பர்த்தொலொமேயோ என்று பெயர். அங்கே ஒரு பழைய மருந்துக்கடை. அதன் கண்ணாடி ஜன்னலுக்குள் ஓர் எலெக்ட்ரானிக் பலகை. அதில் ஓர் எண் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். வெப்பநிலையா, நேரமா, ஏதாவது தள்ளுபடியா என்று யோசித்தபடி பலர் கடந்துபோய்விடுவார்கள். வெனிஸ் தீவு நகரத்தில் இன்றைக்கு எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது!

2008-ல் அந்தப் பலகையை மாட்டியபோது எண் 60,000-ஐ ஒட்டி இருந்தது. 2022-ல் 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. 1951-ல் இதே தீவுகளில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. ஆனால் ஊர் காலியாகிக்கொண்டே இருக்கிறது. அதே ஊருக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் சுற்றுலாப் பயணிகள் வந்து போகிறார்கள்.

மக்கள்தொகை 60,000-க்குக் கீழே போன 2009-ம் ஆண்டு நவம்பரில், ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சவப்பெட்டி. அதை கோண்டோலா படகில் ஏற்றி, பெருங்கால்வாய் வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோய் நகராட்சி அலுவலகத்தின் முன் இறக்கினார்கள். அதாவது, வெனிஸுக்கு இறுதிச்சடங்கு. கேலிதான். ஆனால் கேலிக்குள் எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும் என்பது அந்த மருந்துக்கடைப் பலகையைப் பார்த்தால் புரியும்.

ஐரோப்பியப் பயணம் போகும் நம்மவர்களின் பட்டியலில் பாரிஸ், சுவிட்சர்லாந்துக்கு அடுத்தபடியாக வெனிஸுக்கு ஓர் இடம் நிச்சயம் இருக்கும். பேக்கேஜ் டூரில் போனால் பெரும்பாலும் அரை நாள். பஸ்ஸில் இறங்கி, படகில் ஏறி, சான் மார்க்கோ சதுக்கத்தில் போட்டோ எடுத்து, ஒரு முகமூடி வாங்கி, மறுபடி பஸ். இந்த அரை நாளில் பார்ப்பது வெனிஸின் முகப்பை மட்டும்தான். ஊர் அதற்குப் பின்னால் இருக்கிறது.

ஊருக்குள் நுழைய டிக்கெட்டா?

ஆமாம், இப்போது அப்படித்தான். 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமாகும் குறிப்பிட்ட நாள்களில் மட்டும், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். முதல் ஆண்டில் 29 நாள்கள், 5 யூரோ. 2025-ல் அது 54 நாள்கள் ஆனது. நான்கு நாள்களுக்கு முன்பே பதிவுசெய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் என்றால் 10 யூரோ. நம் கணக்கில் தோராயமாக 500 ரூபாயும் 1,000 ரூபாயும்.

காலை 8.30 முதல் மாலை 4 மணி வரைதான் இந்தக் கட்டணம். 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கிடையாது. நகர எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களும் கட்ட வேண்டாம். ஆனால் ஆன்லைனில் விலக்குக்கான கியூஆர் கோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பரிசோதகரிடம் மாட்டினால் 50 முதல் 300 யூரோ வரை அபராதம். எந்தெந்தத் தேதிகள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் தனியாக அறிவிக்கிறார்கள். எனவே, டிக்கெட் போடுவதற்கு முன் நகராட்சியின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதனால் கூட்டம் குறைந்ததா? குறையவில்லை என்பதுதான் உள்ளூர் விமர்சகர்களின் வாதம். விமானத்துக்கு லட்சங்கள் செலவழித்து வருகிற ஒருவர் 5 யூரோவுக்காகவா திரும்பிப் போவார்? அவர்கள் கவலையெல்லாம் வீடுகளைப் பற்றியது. ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, இரண்டு இரவு தங்கிப் போகும் பயணிகளுக்கு மாற்றி மாற்றி விட்டால் வீட்டுக்காரருக்குப் பல மடங்கு லாபம். அப்படியே தெருத்தெருவாக வீடுகள் மாறிப்போயின. மளிகைக்கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை, செருப்பு தைப்பவர் இருந்த இடத்தில் ஐஸ்க்ரீம் கடை. சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை, ஊரில் வசிப்பவர்களின் எண்ணிக்கையையே தாண்டிவிட்டது என்று 2023-ல் உள்ளூர் அமைப்புகள் கணக்குச் சொல்லின. இளைய தலைமுறை பாலத்துக்கு அந்தப் பக்கம், தரைப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேவுக்குக் குடிபோய்விட்டது.

சேற்றில் நிற்கும் அரண்மனைகள்

வெனிஸ் ஒரே தீவு இல்லை. கடற்கழிக்குள் நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சின்னத் தீவுகள், அவற்றை இணைக்கும் 400-க்கும் அதிகமான பாலங்கள். அடியில் இருப்பது பாறை அல்ல, களிமண் சேறு. அதில் லட்சக்கணக்கான மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கி, மேலே கல் அடுக்கி, அதன்மேல்தான் அரண்மனைகளைக் கட்டினார்கள். சாந்தா மரியா தெல்லா சலூத்தே என்ற ஒரே ஒரு தேவாலயத்துக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமான கம்பங்கள் என்று சொல்கிறார்கள். தண்ணீருக்குள் மரம் மக்கிப்போகாதா? சேற்றுக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்பதால் மரத்தை அரிக்கும் கிருமிகளுக்கு அங்கே அவ்வளவாக வேலை இல்லை. பல நூறு ஆண்டுகளாக அவை தாங்கி நிற்கின்றன.

ஊருக்குள் கார் கிடையாது, பைக் கிடையாது. சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. ஆம்புலன்ஸ் படகு, தீயணைப்புப் படகு, போலீஸ் படகு, கூரியர் படகு என எல்லாமே தண்ணீரில்தான். குப்பையைத் தள்ளுவண்டியில் சேகரித்து, கால்வாயோரம் நிற்கும் படகில் கொட்டுகிறார்கள். ஒருவர் இறந்துபோனால் உடலும் படகில்தான் போகும். சான் மிக்கேலே என்ற தனித் தீவே கல்லறைத் தோட்டம். காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு சிறு பாலத்தில் சாய்ந்து நின்று இந்தப் படகுகளைப் பார்ப்பதற்கு டிக்கெட் எதுவும் வேண்டாம். ஆனால் பேக்கேஜ் டூரில் இது வராது, ஏனென்றால் அந்த நேரத்தில் பஸ்ஸே வந்திருக்காது!

மேப்பை மூடிவையுங்கள்

வெனிஸ் தெருக்களில் நடக்க நாலைந்து வார்த்தைகள் தெரிந்தால் போதும். 'கால்லே' என்றால் சந்து. 'ஃபொந்தமெந்தா' என்றால் கால்வாயை ஒட்டிய நடைபாதை. 'ரீயோ' என்றால் சிறு கால்வாய். 'ரீயோ தெரா' என்று பலகை இருந்தால், ஒரு காலத்தில் கால்வாயாக இருந்து பிறகு மண் நிரப்பித் தெருவாக்கப்பட்டது என்று அர்த்தம். 'காம்ப்போ' என்றால் சதுக்கம். சொல்லின் நேர்ப்பொருள் வயல். புல் முளைத்துக் கிடந்த காலத்துப் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

சந்துகளில் சில, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அளவுக்குக் குறுகல். உயரமான சுவர்களுக்கு நடுவே போனில் ஜிபிஎஸ் தடுமாறும். 'இங்கே நேராகப் போ' என்று அது சொல்லும் இடத்தில் கால்வாய் இருக்கும், பாலம் இருக்காது! வீட்டு எண்களும் உதவாது. தெருவுக்குத் தெரு எண் போடாமல், ஊரை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே தொடர் எண். காஸ்டெல்லோ பகுதியில் கதவு எண் ஆறாயிரத்தைத் தாண்டிப் போகிறது. ஆகவே, வழி தவறுவதுதான் இந்த ஊரில் இயல்பான நிலை. பயப்படத் தேவையில்லை. சுவர்களில் 'ரியால்ட்டோவுக்கு', 'சான் மார்க்கோவுக்கு' என்று மஞ்சள் பலகைகள் இருக்கின்றன. எங்கே சுற்றினாலும் கடைசியில் ஏதாவது ஒரு பலகை கண்ணில் பட்டுவிடும்.

மஞ்சள் பலகை காட்டும் வழியில் கூட்டம் நெரியும். அதிலிருந்து இரண்டு சந்து தள்ளி நடந்தால் போதும், ஆள் அரவமே இருக்காது. மாடியில் கயிறு கட்டித் துணி காய்கிறதா? அதுதான் குறி. அங்கே ஆள்கள் குடியிருக்கிறார்கள். கிழக்கே காஸ்டெல்லோவின் கடைக்கோடியிலும், வடக்கே கன்னரேஜோவிலும் இதை இன்னும் பார்க்கலாம். மாலையில் சான் ஜாக்கொமோ தெல் ஓரியோ சதுக்கத்தில் பையன்கள் கால்பந்து உதைப்பார்கள், பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

பெரும்பாலான சதுக்கங்களின் நடுவில் செதுக்கு வேலைப்பாட்டுடன் ஒரு கல் உறை இருக்கும். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றிலும் கடல்நீர், குடிக்க ஒரு சொட்டு இல்லாத ஊர் இது. சதுக்கத்துத் தரையைச் சரிவாக அமைத்து, விழும் மழையை ஓட்டைகள் வழியாக இறக்கி, மணலில் வடிகட்டி, நடுக்கிணற்றில் சேர்த்தார்கள். ஐரோப்பாவின் பணக்கார நகரங்களில் ஒன்று, நூற்றாண்டுகளாக மழைநீர் சேகரிப்பை நம்பித்தான் தாகம் தீர்த்திருக்கிறது. 1884-ல்தான் தரைப்பகுதியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. இப்போது தெருக்களில் இலவசக் குடிநீர்க் குழாய்கள் நிறைய இருக்கின்றன. பாட்டிலை நிரப்பிக்கொண்டால் நாளொன்றுக்குச் சில யூரோ மிச்சம்.

கன்னரேஜோவில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம், 'கெட்டோ'. யூதர்கள் இந்தச் சிறு தீவில்தான் வாழ வேண்டும் என்று 1516-ல் வெனிஸ் அரசு உத்தரவிட்டது. இரவானால் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். ஒரு சமூகத்தை ஒதுக்கிவைக்கும் இடத்துக்கு உலகம் முழுவதும் இன்று பயன்படுத்தும் 'கெட்டோ' என்ற சொல் பிறந்தது இங்கேதான். அங்கே முன்பு இருந்த உலோக வார்ப்புக்கூடத்தின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் வீடுகள் மேலே மேலே வளர்ந்தன. சுற்றியுள்ள கட்டடங்களைவிட உயரமாக, ஆனால் தாழ்ந்த கூரைகளுடன் நெருக்கிக்கொண்டு நிற்கும் அந்த மாடிகளை எண்ணிப் பார்த்தாலே கதை விளங்கும். 1797-ல் நெப்போலியனின் படைகள் வந்த பிறகுதான் அந்தக் கதவுகள் அகற்றப்பட்டன.

காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொன்ன வெனிஸ்காரர்

ரியால்ட்டோவுக்குப் பின்னால், மலிப்ரான் நாடக அரங்கத்தை ஒட்டி ஒரு சின்ன முற்றம். பெயர் கோர்த்தே செகொந்தா தெல் மிலியோன். மார்க்கோ போலோ குடும்பத்தின் வீடு இங்கேதான் இருந்தது. இன்று வீடு இல்லை, ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. சீனாவிலிருந்து கடல்வழியாகத் திரும்பும்போது பாண்டிய நாட்டைத் தொட்டுச் சென்றவர் அவர். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த காயல் துறைமுகத்தின் பெருமையையும், கடலில் மூழ்கி முத்து எடுப்பவர்களையும் தன் பயண நூலில் வர்ணித்திருக்கிறார். பாண்டிய மன்னர்கள் பெரும் விலை கொடுத்து இறக்குமதி செய்த குதிரைகளுக்கு இங்கே சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள், பராமரிக்கத் தெரியாததால் அவை செத்துப்போயின என்றும் ஒரு குறிப்பு!

ஊர் திரும்பிய பிறகு ஜெனோவாவுடனான சண்டையில் சிறைப்பட்டு, சிறையில் உடனிருந்த ருஸ்திகெல்லோ என்ற எழுத்தாளரிடம் அவர் சொன்ன கதைகள்தான் அந்த நூல். 1324-ல் இறந்தார். சான் லொரென்சோ தேவாலயத்தில் புதைத்தார்கள். கல்லறை எங்கே என்பது இன்று யாருக்கும் தெரியாது. நம் ஊர் முத்தையும் குதிரையையும் உலகுக்குச் சொன்னவரின் வாசலில், சுற்றுலாக் கூட்டம் அவ்வளவாக இருப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

சான் மார்க்கோவைத் தவிர்க்க முடியுமா?

முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். தேவாலயத்தின் தங்க மொசைக் கூரையை நேரில் பார்க்காமல் திரும்புவது நியாயமில்லை. ஆனால் நேரம் முக்கியம். முற்பகல் பதினொரு மணிக்குப் போனால் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். காலை எட்டு மணிக்கு முன்பு அல்லது இரவு உணவுக்குப் பிறகு சதுக்கத்துக்குப் போங்கள். தேவாலய முகப்பில் நிற்கும் நான்கு வெண்கலக் குதிரைகள் நகல்கள். அசல் உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியபோது வெனிஸ்காரர்கள் அள்ளிக்கொண்டு வந்தது. 1797-ல் அதையே நெப்போலியன் பாரிஸுக்கு அள்ளிக்கொண்டு போனார். 1815-ல் திரும்பி வந்தது. பக்கத்தில் நிற்கும் உயரமான மணிக்கோபுரம் 1902-ல் பொலபொலவென்று சரிந்து விழுந்தது. மனிதர் யாருக்கும் ஆபத்தில்லை. அதே இடத்தில், அதே மாதிரி மறுபடி கட்டி 1912-ல் திறந்தார்கள்.

இங்கே புறாவுக்குத் தீனி போடக் கூடாது. படிகளில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. கால்வாயில் கால் நனைக்கலாம் என்று இறங்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் அபராதம் உண்டு. 2024 முதல் வழிகாட்டியுடன் வரும் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது என்று விதி. காபி குடிப்பதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். கடையில் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. சான் மார்க்கோவின் பிரபல காபிக் கடைகளில் இசைக் குழு வாசித்துக்கொண்டிருந்தால் அதற்கும் பில்லில் தனித் தொகை ஏறும்.

கோண்டோலா சவாரி அரை மணி நேரத்துக்குப் பகலில் 90 யூரோ, ஒரு படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம் என்பதால் குடும்பமாகப் பகிர்ந்தால் பரவாயில்லை. அவ்வளவு முடியாது என்பவர்களுக்கு 'த்ரகெத்தோ' இருக்கிறது. பெருங்கால்வாயில் பாலம் இல்லாத இடங்களில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு விடும் பொதுப் படகு. அதுவும் கோண்டோலா வகைதான். கட்டணம் 2 யூரோ. இரண்டே நிமிடம்தான், ஆனால் காய்கறிப் பையோடு வரும் ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருப்பார்கள். பஸ் மாதிரி ஓடும் 'வாப்பரெட்டோ' படகில் 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. ஒன்றாம் எண் படகு பெருங்கால்வாய் முழுக்க நின்று நின்று போகும். ராத்திரி அதில் முன்வரிசை இடம் கிடைத்தால், அரண்மனை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

தங்குவது எங்கே என்பதுதான் பட்ஜெட்டின் பெரிய கேள்வி. மெஸ்த்ரேவில் அறை மலிவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெனிஸ். ஆனால் விடிகாலையும் பின்னிரவும்தான் இந்த ஊரின் அழகு என்பதால், ஒரே ஓர் இரவாவது தீவுக்குள் தங்குவது என் தேர்வு. அப்போதும், யாரோ குடியிருந்திருக்க வேண்டிய ஃபிளாட்டைவிட சின்ன ஓட்டல் அறையே மேல்.

தண்ணீர் ஏறும் மாதங்கள்

இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் கடல் ஏற்றத்தோடு தெற்குக் காற்றும் சேர்ந்தால் ஊருக்குள் தண்ணீர் வரும். 'ஆக்குவா ஆல்த்தா' என்பார்கள். 2019 நவம்பர் 12-ம் தேதி இரவு 187 செ.மீ. உயரத்துக்கு ஏறி, ஊரின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. அதற்கு முந்தைய உச்சம் 1966-ல் 194 செ.மீ. இப்போது கடற்கழியின் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகள் கடலடியில் படுத்திருக்கின்றன. பெரிய ஏற்றம் வரும் என்று தெரிந்தால் உள்ளே காற்றைச் செலுத்தி அவற்றை எழுப்பிவிடுவார்கள். 2020 அக்டோபர் 3-ம் தேதி முதல்முறையாக அவை உண்மையான ஏற்றத்தைத் தடுத்தன. ஊர் நனையாமல் தப்பியது. 'லிப்ரெரியா ஆக்குவா ஆல்த்தா' என்ற புத்தகக் கடையில் மட்டும், வெள்ளத்துக்குப் பயந்து புத்தகங்களைக் குளியல் தொட்டியிலும் பழைய கோண்டோலாவிலும் அடுக்கிவைத்திருப்பதை இன்றும் காணலாம்.

ஜூலை, ஆகஸ்டில் வெயில், கொசு, கூட்டம் மூன்றும் சேர்ந்துகொள்ளும். முடிந்தால் நவம்பரைத் தேர்ந்தெடுங்கள். ரெயின்கோட் எடுத்துப் போங்கள். 21-ம் தேதி அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றுதான் சலூத்தே திருவிழா. 1630-ல் கொள்ளைநோய் வந்து ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைக் கொண்டுபோனது. நோய் நீங்கினால் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று வெனிஸ் அரசே நேர்ந்துகொண்டது. அப்படி எழுந்ததுதான், பத்து லட்சம் மரக்கம்பங்கள் தாங்கும் அந்தத் தேவாலயம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 21-க்காகப் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் ஒன்று போடுகிறார்கள். மெஸ்த்ரேவுக்குக் குடிபோனவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கு வருகிறார்கள். பாலத்தைக் கடந்து, மெழுகுவத்தி வாங்கி, வரிசையில் நின்று ஏற்றுகிறார்கள். வெளியே பலூன் கடை, எண்ணெயில் பொரித்த இனிப்பு வாசனை. வீடுகளில் 'கஸ்த்ரதீனா' என்ற ஆட்டுக்கறி, முட்டைக்கோஸ் சூப் கொதிக்கிறது. சுற்றுலாப் பயணிகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அன்று பாலத்தின் மேல் பெரும்பாலும் கேட்பது வெனிஸ் பேச்சுமொழிதான்.